இடது பக்கப் பின்கதவு

பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துக் காரைத் தேய்த்த ஆளை என்னவென்று சொல்வது? அதுவும் கறுப்புக் காரை. அதுவும் முதலாளியின் காரை. பெண்டாட்டி ஊரில் பாதிக் கார்களுக்குப் பாலிஷ் போட்டுப் பெயர் வாங்கியிருக்க, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே போய் இந்தக் காரியத்தைச் செய்து வைத்திருந்தான் டிரைவர். இடது பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி நின்றான். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“எதுல தேச்சீங்க?”

“சும்மா, துணியிலதான்.”

“துணியில தேச்சா இப்பிடி ஆகுமா? உண்மையச் சொல்லுங்க.”

“முதலாளி வீட்டு சிங்க்குல ஒரு நாரு கெடந்துச்சு.”

“நாரு?”

“புது நாருதான்டி.”

“புது நாரா? அப்பச் சரி. காருக்குன்னே வாங்கி வச்சிருப்பாங்க.”

சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. மாமியார் அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னடி காலங்காத்தால சத்தம்?”

“உங்க புள்ள காரை வெளக்கிக் கொண்டாந்திருக்காரு அத்தை. கவுத்து வைக்கிறதுதான் பாக்கி.”

தெருவில் அவளுக்குப் பாலிஷ் என்றே பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கார் விற்கிற கம்பெனியில் புது வண்டிகளைத் துடைத்து நிறுத்துகிற வேலையில் இருந்தாள். பிறகு வீட்டை ஒட்டித் தகரம் இறக்கி, ஒரு பாலிஷ் மெஷினும் வாளிகளும் வாங்கி, வீட்டிலேயே தொடங்கிவிட்டாள். கழுவி, பாலிஷ் போட்டு, மேலே கோட்டிங் போட்டு அவள் வெளியே விடுகிற காரில் தூசி ஒட்டாது, தண்ணீர் நிற்காது. தலை வாரக் கண்ணாடி எதற்கு, பாலிஷ் வீட்டு வாசலுக்குப் போனால் போதாதா என்று எதிர்வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் வண்டி வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. அடுப்பு எரிவது டிரைவர் சம்பளத்தில்தான். அது அவளுக்கும் தெரியும், மாமியாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவனுடைய முதலாளி கோபக்காரர் இல்லை. ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அவரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட வண்டி நேரே அவர் வீட்டு ஷெட்டுக்குப் போய் நிற்க வேண்டும். சொந்த வேலைக்கு ஒரு தெரு தள்ளி ஓட்டினாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். இவனுக்கு முன்னால் இருந்த ஆள் அப்படித்தான் போனான். அவர் இப்போது வெளியூர் போயிருக்கிறார். இன்றைக்குச் சாயங்கால விமானத்தில் திரும்பி வருகிறார்.

“ஏர்போர்ட்டுல வண்டிய விட்டுட்டு அவரு பெட்டியத் தூக்கிட்டு உள்ள போனேன். திரும்பி வந்து பாத்தா எவனோ உரசிட்டுப் போயிருக்கான். தேச்சா போயிடும்னு பாத்தேன்” என்றான்.

“எவனோதான உரசினான்? அதை அப்பிடியே முதலாளிகிட்டச் சொல்லிட்டாப் போச்சு.”

“நாரால தேச்சதை யாரு தேச்சதுன்னு சொல்றது? வேலை போயிடும்டி. இருட்டுறதுக்குள்ள நான் ஏர்போர்ட்ல நிக்கணும். இந்தக் கதவை மட்டும் சரி பண்ணிக் குடு, போதும்.”

கதவை மட்டும்! பாலிஷ் தெரியாதவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். கீறல் போகும். ஆனால் அந்த ஒரு கதவு மட்டும் நேற்று வாங்கின மாதிரி மின்னும். பக்கத்தில் மற்றதெல்லாம் கிழடு தட்டித் தெரியும். பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப் போட்டால் ஊர் கண் முழுக்க ஒட்டின் மேல்தானே விழும்? கீறலை மறைக்க வேண்டுமென்றால் கார் முழுவதையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. அவள் இதைச் சொன்னதும் டிரைவரின் முகம் தெளிந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு. ஐயாவுக்கு சர்ப்ரைஸா, அவரு ஷெட்டுக்கே உன்னைக் கூட்டிட்டுப் போய்க் கோட்டிங் போட்டு வச்சேன்னு சொல்லிடுறேன்.”

“இதுக்கெல்லாம் மூளை நல்லா வேலை செய்யுது.”

அவனை வாளிப் பக்கமே விடவில்லை அவள். சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, கையுறையை அலசி எடுக்க ஒரு வாளி. கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு தடவை துடைத்தால் ஒரு தடவை அலச வேண்டும். ஒரு மணல் துகள் கையுறையில் தங்கிவிட்டால் போதும், துடைக்கிற கையே கீறல் போட்டுவிடும். காற்று கொஞ்சமும் இல்லை. மேகம் கவிந்துகொண்டு புழுக்கம் புழுங்கியது. தகரத்துக்குக் கீழே நின்றால் முதுகில் வியர்வை ஓடுவது தெரியும். டிரைவர் ஒரு மூலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கேட்கிற துணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டான்.

மாமியார் டீ கொண்டுவந்தாள்.

“இதுதான் கடைசித் தண்ணி. இனிமே டீ கேட்டா குழாத் தண்ணியிலதான். தண்ணிக் கேன்காரன் படுத்ததும் படுத்தான், குடிக்கத் தண்ணிக்கு நாயா அலைய வேண்டியிருக்கு.”

“கை எப்பிடி இருக்காம் அத்தை?”

“ரெண்டு எடத்துல முறிவாம். எந்தப் பாவியோ இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டானே. நல்லா இருப்பானா அவன்? கட்டையில போறவன்.”

“அம்மா, டீயக் குடுத்தாச்சுல்ல? போம்மா உள்ள” என்றான் டிரைவர்.

“நான் என்னடா உன்னையா சொன்னேன்?”

கழுவித் துடைத்தபின் நகத்தைக் கீறல் மேல் ஓட்டிப் பார்த்தாள். நகம் மாட்டவில்லை. மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சோடு நின்றிருந்தது. உள்ளே வண்ணத்துக்கு இறங்கவில்லை. பிழைத்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது. நாரால் தேய்த்த வெளுப்புக்கு நடுவில் மெல்லிய கோடாக ஏதோ இன்னும் ஒட்டியிருந்தது. உரசினவன் வண்டியின் பெயிண்ட். தார் எடுக்கிற திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். துணியில் நீலம் ஏறியது.

அவள் துணியை விரித்துப் பார்த்தாள். அது கடையில் கேட்டால் கிடைக்கிற நீலம் இல்லை. இந்த ஷெட்டுக் கதவுக்கு அடிக்க வாங்கின நீலம் ரொம்ப அடர்த்தியாக இருக்கிறதென்று, மிச்சம் கிடந்த பச்சையையும் வெள்ளையையும் ஊற்றி, குச்சியால் கலக்கிக் கலக்கி, மனசுக்குப் பிடிக்கிற வரைக்கும் அவளே உண்டாக்கின நீலம்.

“என்னங்க, இது நம்ம கதவுப் பெயிண்டுல்ல?”

டிரைவர் எழுந்து வந்து பார்த்தான். துணியை வாங்கிப் புரட்டினான்.

“நம்ம கதவுல உரசிட்டு ஏர்போர்ட்ல உரசிட்டாங்கன்னு கதை விடுறீங்களா?”

“ஆமா” என்று பிடித்துக்கொண்டான் அவன். “ஆமாடி. அன்னைக்கு ஐயாவை விட்டுட்டு வண்டிய இங்கதான் கொண்டாந்தேன். நீ பால் வாங்கக் கடைக்குப் போயிருந்த. உள்ள விடும்போது கதவுல பட்டுடுச்சு. பயந்துபோய் அப்பிடியே எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“இங்க ஏன் கொண்டாந்தீங்க? அவருதான் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?”

“தப்புத்தான். விடு. வேலையப் பாரு.”

பெண்டாட்டி எடுத்துக் கொடுத்த பொய்யையே போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான் மனுஷன். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் நம்பினாள். இந்த மாதிரிச் சின்னக் களவாணித்தனம் அவனுக்குப் புதிதில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எறும்பு திறந்தது என்று சொல்கிற ஆள்.

பிறகு பேச நேரமில்லை. அழுக்கை ஒட்டி எடுக்கிற களிமண் கட்டியை மாவு மாதிரிப் பிசைந்து பிசைந்து காரின் மேல் வழுக்கவிட்டு, ஒட்டியிருந்த சொரசொரப்பை எடுத்தாள். ரப்பர் ஓரங்களுக்கும் விளக்கு விளிம்புகளுக்கும் டேப் ஒட்டினாள். விளிம்பில் மெஷின் ஒரு நொடி அதிகம் நின்றால் மேல்பூச்சு போய்விடும். போனால் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. பின்கதவில் தேய்க்கிற பசையான காம்பவுண்டை நாலு பொட்டாக வைத்து மெஷினைப் போட்டாள். ஒரு சுற்று ஓட்டித் துடைத்தால் பாதி வெளுப்பு போயிருந்தது. கையை வைத்துச் சூடு பார்த்தாள். ஆறவிட்டு மறுபடி ஓட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் அழுத்து. ஓரத்துல தெரியுது” என்றான் டிரைவர்.

“அழுத்தினா எரிஞ்சுடும். நாரைப் பிடிச்ச கை சும்மா இருக்கட்டும்.”

மத்தியானம் மாமியார் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து ஷெட்டு வாசலிலேயே வைத்தாள். அவள் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். தோள் இறங்கிப் போயிருந்தது. ஆனால் கார் வேறு காராகிவிட்டிருந்தது. தகரக் கூரையும், தொங்குகிற பல்பும், பல்புக்குக் கீழே அவளும் எல்லாமே காரின் மேல் தெளிவாகத் தெரிந்தன. பின்கதவில் எங்கே வெளுப்பிருந்தது என்று அவளே தேடினால்தான் உண்டு. அலுப்பையும் மீறி ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது.

“நீ நல்லா இருக்கணும்டி. என் புள்ள வேலைய மீட்டுக் குடுத்துட்ட” என்றாள் மாமியார். அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வருவது அபூர்வம்.

கடைசியாகக் கோட்டிங் மட்டும் பாக்கி. கார் முழுவதும் ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்தாள். கோட்டிங் போடும்போது தூசி பறக்கக் கூடாது. அதற்காக ஷெட்டின் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். காலையிலிருந்து சுவரோடு மடங்கிக் கிடந்த கதவுகள். சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

நீலக் கதவு. தாழை நீக்கி வெளிப்பக்கம் பார்த்தாள், விளிம்பைப் பார்த்தாள், மறுபடி சாத்தி உள்பக்கம் பார்த்தாள். கார்க் கதவின் உயரத்துக்குக் குனிந்து, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. அன்றைக்கு அடித்த பெயிண்ட் அடித்தபடியே இருந்தது.

“இதுல எங்க உரசுச்சு?”

டிரைவர் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

“உங்களைத்தான் கேக்குறேன். இந்தக் கலரு ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு இந்தக் கதவு. மிச்சம் இருந்ததை நான் யாருக்குக் குடுத்தேன்?”

“கோட்டிங் போடு முதல்ல. நேரம் போகுது.”

“யாருக்குக் குடுத்தேன்னு கேக்குறேன்.”

“கத்தாத. அம்மாவுக்குக் கேட்டுடும்.”

மிச்சத்தைக் கேன்காரருக்குக் கொடுத்திருந்தாள். அவர் தன் மூன்று சக்கர சைக்கிள் பெட்டிக்கு அதை அடித்துக்கொண்டு, “எப்பிடி தங்கச்சி, உன் கார் ஷெட்டும் என் காரும் ஒரே கலரு” என்று ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவர் முதல் நாளே தங்கச்சி என்று கூப்பிட்டார், டிரைவரை மாப்ள என்று கூப்பிட்டார், அது அப்படியே நிலைத்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்து எடுத்தது அவருடைய பெட்டியின் நீலத்தை.

“சாயந்திரம் எல்லாம் சொல்றேன். ஐயாவைக் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு வந்து சொல்றேன். உன் கால்ல வேணாலும் விழறேன். இப்ப போடு” என்றான் டிரைவர்.

அவள் பாட்டிலை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிறகு பலபேர் கேட்டார்கள். காலையிலிருந்து ஓடின கை தானாக ஓடியது என்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்கும் தெரியவில்லை. சின்னத் துணியில் சொட்டுவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். பானெட், கூரை, வலது பக்கம். கோட்டிங் போட்ட இடத்தில் எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு நிறம் ஏறி அடங்கும். அடங்கினதும் துடைத்துவிட வேண்டும். சீக்கிரம் துடைத்தால் ஒட்டாது. விட்டுவிட்டால் திட்டாக இறுகிப்போய், மறுபடி மெஷின் போட்டுத்தான் எடுக்க வேண்டும். துடைத்தது சரியா என்று பார்க்க ஒருவர் பக்கவாட்டில் விளக்குப் பிடிக்க வேண்டும். டிரைவர் பிடித்தான். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

“ஆடாமப் பிடிங்க.”

“ஆடாமத்தான் பிடிக்கிறேன்.”

இடது பக்கப் பின்கதவில் கோட்டிங்கைப் போட்டு முடித்திருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

“தங்கச்சி! உள்ளதான் இருக்கியா? என்ன, கதவெல்லாம் சாத்திக் கெடக்கு?”

டிரைவர் விளக்கை அணைத்துவிட்டான். எதற்கு அணைத்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அதற்குள் மாமியார் அவரை வீட்டுப் பக்கத்து வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “வா தம்பி, வா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. என்ன இப்பிடி எளைச்சுப் போயிட்ட?”

கேன்காரர் வலது கையை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து காய்ந்திருந்தது. சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு மறுபக்கத்தைத் தோளில் போர்த்தியிருந்தார்.

“ஏன் அண்ணே நடந்து வந்தீங்க?” என்றாள் அவள். தன் குரல் தனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

“என்ன பண்றது? வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர்றேன். நாளையிலேர்ந்து ஒரு ஆளு கேன் போடுவான், அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் மாறிடாதீங்கன்னு. மாறிட்டா அப்புறம் திரும்பி வருவாங்களா?” அவர் காரைப் பார்த்தார். “ஆத்தாடி! என்னா பளபளப்பு! மாப்ள, உன் முதலாளி வண்டியா?”

“ஆமா மச்சான்.”

“ஏன் இருட்டுல நிக்கிறீங்க?”

“விளக்கைப் போடுங்க. கோட்டிங் இறுகுது” என்றாள் அவள்.

டிரைவர் விளக்கைப் போட்டான். வெளிச்சம் கதவில் நிற்காமல் சக்கரத்துக்கும் சுவருக்கும் போய்ப் போய் வந்தது. கேன்காரர் சிரித்தார்.

“என்ன மாப்ள, குளுரா? இங்க குடு. எனக்கு ஒரு கை நல்லாத்தான் இருக்கு.”

“வேணாம் மச்சான். நீங்க உக்காருங்க.”

“அட, குடுய்யா. சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது.”

விளக்கைப் பிடுங்கிக்கொண்டு, இடது கையால் அவள் சொன்ன இடத்தில் அசையாமல் பிடித்தார். அவள் துணியை மடித்துத் துடைக்கத் தொடங்கினாள். மாமியார் விஷயம் தெரியாமல் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்பிடித்தான் ஆச்சு தம்பி?”

“நல்லா விடியக்கூட இல்லம்மா. நான் பாட்டுக்கு ஓரமாப் போய்க்கிட்டிருக்கேன். பின்னாலேர்ந்து வந்து பக்கவாட்டுல ஒரு தட்டு. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். கேனெல்லாம் ரோட்டுல உருளுது.”

“நம்பர் பாக்கலையா?”

“கண்ணையே தொறக்க முடியல, நம்பரை எங்க பாக்குறது? என்ன கலருன்னு கேட்டாங்க. இருட்டுல எல்லா வண்டியும் கறுப்புத்தான். ஆனா ஒண்ணு தங்கச்சி, அவன் நின்னான்.”

அவள் துணி நின்றது.

“கொஞ்ச தூரம் போய் நின்னான். பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. சரி, நல்ல மனுஷன், தெரியாம இடிச்சுட்டான், வர்றான்னு நெனச்சேன். ஒடையாத கையைத் தூக்கிக்கூடக் காட்டினேன். அப்புறம் லைட்டு அணைஞ்சு போச்சு. போயிட்டான்.” அவர் விளக்கைக் கொஞ்சம் சாய்த்தார். “இந்தா, கைப்பிடிக்குக் கீழ பாரு. வானவில்லு மாதிரி ஒண்ணு நிக்குது. அதைத் தொடைக்காம விட்டுட்டியே.”

அவள் அதைத் துடைத்தாள். அவர் காட்டின இடத்தில், அவர் பிடித்த வெளிச்சத்தில், திட்டுத் தெரியாமல் போகும்வரை துடைத்தாள். கண்ணீர் வந்ததைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். வியர்வை என்று அவர் நினைத்திருப்பார்.

“டாக்டர் என்ன சொல்றாரு?” என்றாள் மாமியார்.

“உள்ள தகடு வச்சு ஆபரேஷன் பண்ணினாத்தான் மறுபடி கேன் தூக்க முடியுமாம். இல்லன்னா கோணலாக் கூடிடும், கனமா எதுவும் தூக்காதங்கறாரு. கேன் தூக்காம நான் என்ன பண்றது? இடிச்ச வண்டி எதுன்னு தெரிஞ்சா அதோட இன்சூரன்ஸ்லயே பண்ணிடலாமாம். எங்க போய்த் தேடுறது?” அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீதான் ஏர்போர்ட்டுல நாலு டிரைவருங்களோட பழகுறவனாச்சே. எந்த வண்டியிலயாவது புதுசா அடிபட்டிருக்கான்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன்.”



“விசாரிக்கிறேன் மச்சான். கண்டிப்பா விசாரிக்கிறேன்” என்றான் டிரைவர்.

அந்தக் கண்டிப்பா என்ற வார்த்தைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. துணியை வாளியில் எறிந்தாள்.

“விசாரிக்க வேணாம் அண்ணே. இப்ப உங்க வெளிச்சம் எது மேல விழுதோ அந்த வண்டிதான். அந்தக் கதவுதான்.”

“போ தங்கச்சி, வெளையாடாத.”

“காலையில நானே தொடைச்சு எடுத்தேன். உங்க சைக்கிள் நீலம். என் கையால கலக்கின நீலம் எனக்குத் தெரியாதா?”

கேன்காரர் டிரைவரைப் பார்த்தார். ஒரு பதில் வரும், எல்லாரும் சிரிப்போம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது அவர் பார்வை. டிரைவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவர் மெதுவாகத் திரும்பிக் கதவைப் பார்த்தார். பளபளத்த கறுப்பில் மாவுக்கட்டோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

“இறங்கத்தான் நெனச்சேன் மச்சான்” என்றான் டிரைவர், கையை எடுக்காமலே. “பிரேக்கைப் போட்டுட்டுக் கண்ணாடியில பாத்தேன். வேற யாராவதா இருந்திருந்தா இறங்கி ஓடி வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன். நீங்கன்னு தெரிஞ்சு போச்சு.”

“நான்னு தெரிஞ்சுதான் போனியா?”

“தெரியாத ஆளுன்னா ஆஸ்பத்திரியில சேத்துட்டுப் போயிடலாம். நீங்கன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும். வண்டி இந்தப் பக்கம் ஏன் வந்துச்சுன்னு முதலாளி கேப்பாரு.”

“ஏன் வந்துச்சு?” என்றாள் அவள்.

“நம்ம வாசல்ல ஒரு தடவை நிறுத்தலாம்னு. நீ எந்திரிச்சு வந்து பாப்பியேன்னு.”

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். கேன்காரர் குனிந்து விளக்கைத் தரையில் வைத்தார். ஒரு கையால் அதை வைக்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல” என்றார். “உங்க வேலைக்கு ஒண்ணும் வராது டிரைவர் சார்.”

சொல்லிவிட்டு வந்த வழியே போனார். தங்கச்சியிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

டிரைவர் முகத்திலிருந்து கையை எடுத்தான். நிமிர்ந்தான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். உடம்பிலிருந்து காய்ச்சல் இறங்கினவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவன் முகம். அவள் அதைப் பார்த்துவிட்டாள். இடித்ததை அவள் மன்னித்திருப்பாள். பயந்து ஓடினதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பாள். இந்த மூச்சை மன்னிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“அந்தப் புண்ணியவானே சொல்ல மாட்டேன்னுட்டாரு” என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆண்டவன் காப்பாத்தினான். டேய், எந்திரி, மூஞ்சியக் கழுவு. ஃபிளைட்டு வந்துடப் போகுது.”

அவள் டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள். ஷெட்டுக் கதவைத் திறந்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காம்பவுண்ட் தெறித்த அதே சட்டையோடு, காரின் முன்கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

“நீ எங்கடி கெளம்புற?”

“ஏர்போர்ட்டுக்கு.”

“எதுக்கு?” என்றான் டிரைவர்.

“வண்டி ஏன் இப்பிடி மின்னுதுன்னு உங்க ஐயா கேப்பாருல்ல? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமான்னு போற வழியில முடிவு பண்ணிக்கலாம்.”

“அவருதான் சொல்ல மாட்டேன்னுட்டாரே!”

“அவரு சொல்ல மாட்டாரு. அவரு கை கோணலாக் கூடும். நாளைக்கு அந்தக் கையாலயே நம்ம வீட்டுக்குக் கேன் எடுத்துட்டு வருவாரு. நீங்க வாங்கி ஊத்திக் குடிப்பீங்களா?”

“வேலை போயிடும்டி.”

“போகட்டும். ஏறுங்க.”

அவன் அம்மாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏறாவிட்டால் அவள் ஆட்டோ பிடித்தாவது போய் நிற்பாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏறினான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

மாமியார் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்து ஷெட்டு வாசலை அடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“அடியே, குடும்பத்தோட வயித்துல அடிக்காதடி! போறதுன்னா என் மேல ஏத்திட்டுப் போங்க!”

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். குரலை உயர்த்தவில்லை.

“தள்ளி நில்லுங்க அத்தை. இடிச்சா உங்க புள்ள நிக்க மாட்டாரு.”

மாமியார் மகனைப் பார்த்தாள். பிறகு கைகளைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.